911-க்கு யார் போன் செய்வது?

2017 பிப்ரவரி 2, வியாழக்கிழமை இரவு. அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பீட்டா தீட்டா பை என்ற ஃப்ரட்டர்னிட்டியின், அதாவது ஆண் மாணவர் சங்கத்தின், வீடு. புதிதாகச் சேரும் 14 மாணவர்களுக்கு அன்று வரவேற்பு. வோட்கா, பீர், வைன் என்று வரிசையாக வைத்திருக்கும் இடங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் குடித்துக் கடப்பதுதான் அந்த வரவேற்பு. திமோதி பியாட்ஸா என்ற 19 வயது இன்ஜினியரிங் மாணவனுக்கு 82 நிமிடத்தில் 18 முறை மது கொடுக்கப்பட்டது என்று பின்னால் விசாரணையில் தெரிந்தது. இரவு பதினொன்றரைக்குள் அவன் அடித்தளத்துக்கு இறங்கும் படிக்கட்டில் விழுந்தான். அவசர உதவி எண்ணான 911-க்குப் போன் போனது மறுநாள் காலை 10:48-க்கு.

இடையில் நடந்ததெல்லாம் அந்த வீட்டின் கேமராக்களில் பதிவாகியிருக்கிறது. விழுந்தவனை நான்கு பேர் தூக்கிவந்து சோபாவில் போட்டார்கள். முகத்தில் தண்ணீர் ஊற்றினார்கள், அறைந்து பார்த்தார்கள். புத்தகங்கள் திணித்த பேக்பேக் ஒன்றை அவன் முதுகில் மாட்டிவிட்டார்கள். மல்லாந்து படுத்து வாந்தி எடுத்தால் மூச்சடைத்துவிடுமாம், பை இருந்தால் புரள மாட்டானாம். இந்தப் பேக்பேக் விஷயம்தான் என்னை மிகவும் உலுக்கியது. மூச்சடைத்துச் சாக வாய்ப்பிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதற்கு ஒரு கைவைத்தியமும் வழக்கத்தில் இருந்திருக்கிறது. அங்கே ஒரே ஒருவன், அவனும் புதிதாகச் சேர்ந்தவன், "இவனுக்கு அடிபட்டிருக்கு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்" என்று கத்தினான். சீனியர் ஒருவன் அவனைச் சுவரோடு சுவராகத் தள்ளிவிட்டான். காலையில் பியாட்ஸா அடித்தளத்தில் உடம்பு சில்லிட்டுக் கிடந்ததைப் பார்த்த பிறகும் நாற்பது நிமிடம் கழித்துத்தான் போன் செய்தார்கள். மண்ணீரல் கிழிந்திருந்தது, மண்டை ஓடு உடைந்திருந்தது. பிப்ரவரி 4 அன்று இறந்துபோனான்.

நான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அந்தப் பதினொன்றரை மணி நேரம். அமெரிக்கக் கல்லூரிகளில் ஃப்ரட்டர்னிட்டி, சொராரிட்டி விதிகளுக்குப் பஞ்சமே இல்லை. அந்த வீட்டிலும் விதிகள் இருந்தன. மது கூடாது என்ற விதியோடுதான் அந்தக் கிளை திரும்பத் தொடங்கப்பட்டது. கட்டடம் முழுக்கக் கேமரா. வீட்டிலேயே தங்கியிருந்த பெரியவர் ஒருவர் ஆலோசகர். அதே ஆண்டு செப்டம்பரில் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மேக்ஸ் க்ரூவர் என்ற முதலாண்டு மாணவன் இறந்தான். ஃப்ரட்டர்னிட்டி பற்றிய கேள்விகளுக்குத் தப்பாகப் பதில் சொன்னால் 190 ப்ரூஃப், அதாவது 95 சதவீதம் ஆல்கஹால் உள்ள மதுவைக் குடிக்க வேண்டும் என்று ஒரு சடங்கு. அவன் சேரப்போனது ஃபை டெல்டா தீட்டாவில். தன் கிளை வீடுகளில் மது கூடாது என்று 2000-லிருந்தே விதி வைத்திருக்கும் தேசிய அமைப்பு அது. ஒரே ஆண்டில், காகிதத்தில் மதுவே இல்லாத இரண்டு அமைப்புகளில், இரண்டு பிள்ளைகள். நவம்பரில் ஃப்ளோரிடாவிலும் டெக்ஸஸிலும் இன்னும் இருவர்.

இங்கே பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃப்ரட்டர்னிட்டி ஆண்களுக்கு, சொராரிட்டி பெண்களுக்கு. கிரேக்க எழுத்துகளில் பெயர். தலைமையகம் எங்கோ இருக்கும், கல்லூரிக்குக் கல்லூரி கிளை. சேர விரும்புகிறவர்கள் சில வாரம் 'பிளெட்ஜ்' என்ற நிலையில் இருந்து சீனியர்களின் சம்மதத்தைப் பெற வேண்டும். அந்தச் சில வாரங்களில்தான் ஹேசிங் நடக்கிறது: சேர வேண்டுமென்றால் இதைத் தாங்கு என்று குடிக்கவைப்பது, அவமானப்படுத்துவது, அடிப்பது.

விதிகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். 1980-களில் வழக்குகள் பெருகி, ஃப்ரட்டர்னிட்டிகளுக்கு இன்சூரன்ஸ் கிடைப்பதே பெரும்பாடாகிப்போனது. அதற்காகப் பல தேசிய அமைப்புகள் கூடி 1987-ல் ஒரு கூட்டமைப்பு தொடங்கின. சேர்ந்து இன்சூரன்ஸ் வாங்குவதற்கான கூட்டமைப்பு அது. 'ரிஸ்க் மேனேஜ்மென்ட்' என்ற பெயரில் இன்று கிளைகளில் ஒட்டியிருக்கும் விதிகளுக்குப் பெரும்பாலும் அதுதான் ஊற்று.

அந்த விதிகளைப் படித்தால் ஒரு பார்ட்டி எப்படி நடக்க வேண்டும் என்று கண்முன் தெரியும். கிளையின் பணத்தில் மது வாங்கக் கூடாது. பீப்பாய் பீர் கூடாது. வருகிறவர்களின் பெயர்ப் பட்டியல் வாசலில் இருக்க வேண்டும். அடையாள அட்டையைப் பார்த்து, 21 வயதானவர்களுக்கு மட்டும் கையில் பட்டை கட்ட வேண்டும். அவர்களும் ஆளுக்கு ஆறு கேன் பீர்தான் கொண்டுவரலாம். கொண்டுவந்ததை ஓரிடத்தில் ஒப்படைத்துவிட்டு ஒரு அட்டை வாங்கிக்கொள்ள வேண்டும், ஒவ்வொரு கேன் எடுக்கும்போதும் அட்டையில் ஒரு ஓட்டை. குடிக்காமல் காவல் பார்க்கச் சில உறுப்பினர்கள். போட்டி வைத்துக் குடிக்கக் கூடாது. இதெல்லாம் இல்லையென்றால் லைசென்ஸ் உள்ள வெளியாளை வைத்து மது விற்க வேண்டும்.

இவை வீண் விதிகள் என்று நான் சொல்லமாட்டேன். பார்ட்டிக்கு வருகிற விருந்தாளிகளை, முக்கியமாகப் பெண்களை, ஓரளவு காக்கின்ற விதிகள்தான். ஆனால் அந்தச் சாவுகள் நடந்த இரவுகளைப் பாருங்கள். சேர்க்கை உறுதியான இரவு. தனக்கு வழிகாட்டப்போகும் சீனியர், அதாவது 'பெரியண்ணன்', யார் என்று தெரியவரும் இரவு. கேள்வி கேட்கிற இரவு. வாசலில் பட்டியல் கிடையாது, கைப்பட்டை கிடையாது, ஓட்டை போடும் அட்டை கிடையாது. வெளியார் யாரும் உள்ளே வராத இரவுகள் இவை. பார்ட்டிக்காக எழுதிய விதிகள் பார்ட்டி அல்லாத இரவில் எப்படி வேலை செய்யும்? ஹேசிங் கூடாது என்று ஒரு வரி இருக்கத்தான் செய்கிறது. அதை அமல்படுத்த வேண்டியவர் கிளையின் 'ரிஸ்க் மேனேஜர்'. அவருக்கும் இருபது வயதுதான். யாரைக் கண்காணிக்க வேண்டுமோ அவர்களோடுதான் ஒரே வீட்டில் தங்கியிருக்கிறார். இரண்டு வருடம் முன்னால் அதே சடங்கில் தானும் குடித்து எழுந்தவர்.

இன்சூரன்ஸில் இன்னொரு சிக்கல். இந்தப் பாலிசிகளில் ஹேசிங்குக்கும் வயது குறைந்தவர்களுக்கு மது கொடுப்பதற்கும் வழக்கமாகக் கவரேஜ் கிடையாது. விதியை மீறிய உறுப்பினர் தனித்து விடப்படுவார். தேசிய அமைப்பு, "நாங்கள்தான் கூடாது என்று எழுதிவைத்தோமே" என்று விலகிக்கொள்ள வழியிருக்கிறது. பொறுப்பு அந்தப் பையன் தலையில், சில சமயம் அவன் பெற்றோரின் வீட்டு இன்சூரன்ஸ் தலையில். இது தெரிந்த பையன் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, சோபாவில் ஒருவன் அசையாமல் கிடக்கும்போது, என்ன யோசிப்பான்? போன் செய்தால் போலீஸ் வரும், கிளை மூடப்படும், தன்மேல் வழக்கு வரும். செய்யாவிட்டால் தூங்கி எழுந்து சரியாகிவிடலாம்.

அந்த "தூங்கினா சரியாயிடும்" என்பது மருத்துவப்படி தவறு, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். கடைசி மடக்கு உள்ளே போன பிறகும் வயிற்றில் இருக்கும் மது ரத்தத்தில் ஏறிக்கொண்டேதான் இருக்கும். படுக்கவைத்தவன் அரை மணி கழித்து இன்னும் மோசமான நிலையில் இருப்பான். தொண்டையில் எதுவும் சிக்கினால் இருமித் துப்பும் அனிச்சை மழுங்கிவிடும். மூச்சு குறையும். தட்டி எழுப்பினாலும் கண் திறக்கவில்லை, மூச்சு விட்டுவிட்டு வருகிறது, தோல் நீலம் பாய்ந்து குளிர்ந்திருக்கிறது என்றால் அவன் தூங்கவில்லை. பியாட்ஸா விஷயத்தில் இதைவிடக் கொடுமை: உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது, வெளியே பார்த்தவர்களுக்கு அது போதையாகத் தெரிந்தது. டாக்டரைத் தவிர யாராலும் அந்த வித்தியாசத்தைச் சொல்ல முடியாது. அதனால்தான் போன்.

ஒவ்வொரு வழக்கிலும் ஒரு வாதம் வரும். "அவனாகத்தானே குடித்தான், யாரும் வாயைப் பிளந்து ஊற்றவில்லையே." நம் ஊர் ராகிங்கை அறிந்தவர்களுக்கு இந்த வாதம் சற்று விசித்திரமாக இருக்கும். நம்மிடம் ராகிங்கை யாரும் கேட்டு வாங்குவதில்லை. 1996-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகு, 1997-ல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். "மாணவன் சம்மதித்தானா" என்ற கேள்வியே அங்கே பெரிதாக எழவில்லை. ஹேசிங் அப்படியில்லை. பையன் தானே விண்ணப்பித்துப் போகிறான், மறுநாளும் போகிறான். ஆனால் ஊர்விட்டு வந்து புது இடத்தில், கிடைத்த நண்பர்கள் அத்தனை பேரும் அந்த ஒரு வீட்டில் இருக்கும்போது, தான் மறுத்தால் கூடச் சேர்ந்த மற்ற பையன்களுக்குத் தண்டனை என்று சொல்லும்போது, 18 வயதில் கொடுக்கிற சம்மதத்துக்கு என்ன மதிப்பு? அமெரிக்கச் சட்டங்கள் இதை மெல்ல மெல்லத்தான் ஒப்புக்கொண்டன. 2024 டிசம்பர் 23 அன்று கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டம் ஹேசிங்குக்குத் தரும் விளக்கத்திலேயே, பாதிக்கப்பட்டவர் மனமுவந்து பங்கெடுத்தாரா இல்லையா என்பது பொருட்டல்ல என்று இருக்கிறது. அந்த ஒரு வரிக்காக எத்தனை பெற்றோர் எத்தனை கதவைத் தட்டினார்கள் என்று நினைத்தால் மனம் கனக்கிறது. அவர்களில் முதலாமவர் என்று ஐலீன் ஸ்டீவன்ஸைச் சொல்லலாம். 1978-ல் ஆல்ஃப்ரட் பல்கலைக்கழகத்தில் அவருடைய மகனைக் கார் டிக்கியில் அடைத்து, உள்ளேயே குடித்து முடிக்கும்படி மது பாட்டில்களைக் கொடுத்தார்கள். மகன் இறந்த பிறகு அந்த அம்மா ஊர் ஊராகக் கல்லூரிகளுக்குப் போய்ப் பேசினார். நியூயார்க் மாநிலத்தில் ஹேசிங் சட்டம் வர அவரே காரணம்.

சொராரிட்டிகளில் நிலைமை வேறு மாதிரி. பெரிய தேசிய சொராரிட்டிகளின் வீடுகளில் மதுவுக்கு இடமில்லை, அதைப் பெரும்பாலும் கடைப்பிடிக்கவும் செய்கிறார்கள். விளைவு, பார்ட்டி என்றால் பெண்கள் ஆண்களின் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. யாரை உள்ளே விடுவது, கோப்பையில் என்ன ஊற்றுவது, மாடி அறைக் கதவு பூட்டியிருக்கிறதா என்று எதுவும் அந்தப் பெண்கள் கையில் இல்லை. தங்கள் வீட்டில் ஆபத்தைக் குறைத்த விதி, ஆபத்தைத் தெருவின் எதிர்ப்பக்கத்துக்கு நகர்த்தியிருக்கிறது. பெண்கள் ஹேசிங்கே செய்வதில்லை என்றும் இல்லை. 2008-ல் யூட்டா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஒரு ஃப்ரட்டர்னிட்டி பிளெட்ஜ் வோட்கா குடித்து இறந்தபோது, அந்தச் சடங்கை நடத்தியவர்களில் சொராரிட்டிப் பெண்களும் இருந்தார்கள். தூங்கவிடாமல் வைப்பது, பேசாமல் ஒதுக்குவது, உடம்பைக் குறைசொல்வது என்று உடம்பில் தழும்பு விடாத வகைகள் அங்கே அதிகம். அதனாலேயே புகார் வருவது குறைவு.

எனக்கு இதெல்லாம் ஏன் இவ்வளவு தூரம் முக்கியமாகிப்போனது என்றால், அக்கா மகனுக்கு இந்த வருஷம் ஒரு தெற்காசிய ஃப்ரட்டர்னிட்டியிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. 1990-களின் நடுவிலிருந்தே நம் பிள்ளைகளுக்கென்று இப்படி அமைப்புகள் இருக்கின்றன. நியூஜெர்சியில் எடிசனில் வளர்ந்தவன், வீட்டில் தமிழ் பேசுகிறவன். போனில் என்னிடம் சொன்னான்: "சித்தி, நீங்க நினைக்கிற மாதிரி இல்ல. எல்லாரும் நம்ம ஊர்ப் பசங்கதான். தீபாவளி கொண்டாடுறாங்க, கோயிலுக்குப் போறாங்க."

அவனுக்கு நான் பென் ஸ்டேட் கதையைச் சொல்லவில்லை. பை டெல்டா சை கதையைச் சொன்னேன். அது ஆசிய அமெரிக்க மாணவர்களின் ஃப்ரட்டர்னிட்டி. புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள், தனியாக உணர்ந்தவர்கள், தங்களுக்கென்று ஓர் இடம் வேண்டும் என்று கட்டியது. 2013 டிசம்பரில் நியூயார்க் பாரூக் கல்லூரிக் கிளை, பென்சில்வேனியாவில் போக்கோனோ மலைப்பகுதியில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தது. உறைந்த புல்தரையில், இருட்டில், புதிதாகச் சேர்கிறவனின் கண்ணைக் கட்டி, முதுகில் மணல் நிரப்பிய பையை மாட்டி நடக்கச் சொல்வார்கள். மற்றவர்கள் ஓடிவந்து மோதித் தள்ளுவார்கள். ஆசியர்கள் அமெரிக்காவில் மேலே போகமுடியாமல் தடுக்கும் கண்ணாடிக் கூரையை உடைப்பதைக் குறிக்கிற சடங்காம் அது. சீனக் குடும்பத்திலிருந்து வந்த 19 வயதுப் பையன் விழுந்தான், எழவில்லை. உள்ளே தூக்கிப்போனார்கள், ஈர உடையை மாற்றினார்கள், அறிகுறிகளை இணையத்தில் தேடினார்கள். ஃப்ரட்டர்னிட்டி சின்னம் உள்ள பொருள்களை ஒளித்தார்கள். 911-ஐ அழைக்கவே இல்லை. கடைசியில் தாங்களே காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நேரம் கடந்துவிட்டது. 2017-ல் அந்தத் தேசிய அமைப்பையே குற்றவாளி என்று ஜூரி சொன்னது. பிறகு நீதிமன்றம் பத்தாண்டுகளுக்குப் பென்சில்வேனியாவில் இயங்கத் தடையும், ஒரு லட்சத்துப் பத்தாயிரம் டாலருக்கு மேல் அபராதமும் விதித்தது.

நம் இனம், நம் ஊர் என்ற பாசம் அங்கேயும் இருந்தது. அந்தப் பாசத்தின் பேரிலேயே அடித்தார்கள், அதன் பேரிலேயே மறைத்தார்கள். இதைக் கேட்டுவிட்டு அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நான் என்ன கேக்கணும் அவங்ககிட்ட?" என்றான். அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது.

ஒரே ஒரு கேள்விதான் என்று சொன்னேன். "யாருக்காவது உடம்பு முடியாமப் போனா, 911-க்கு யார் போன் பண்ணுவீங்க? பண்ணினவனை என்ன செய்வீங்க?"

இத்தனை விதிகளில் உயிரைக் காப்பாற்றும் விதி, அந்தப் போன் அழைப்பை எளிதாக்குகிற விதிதான் என்று நான் நம்புகிறேன். 2018-ல் பென்சில்வேனியா இயற்றிய பியாட்ஸா சட்டம் தண்டனைக்காகத்தான் செய்தியில் வந்தது. ஹேசிங்கில் சாவு, படுகாயம் நேர்ந்தால் அது இனிமேல் பெருங்குற்றம், ஹேசிங் நடந்த வீட்டையே பறிமுதல் செய்யவும் இடமுண்டு. ஆனால் அதே சட்டத்தில் பேசப்படாத ஒரு பிரிவு இருக்கிறது: உதவி கேட்டு அழைத்து, தன் பெயரைச் சொல்லி, ஆள் வரும்வரை பாதிக்கப்பட்டவன் பக்கத்திலேயே இருப்பவனுக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பு. ஃப்ளோரிடாவும் 2019-ல் இதே வழியில் போனது. முதலில் 911-ஐ அழைத்து உடனிருந்து ஒத்துழைப்பவருக்கு விலக்கு, அங்கே இல்லாவிட்டாலும் திட்டம் போட்டுக் கொடுத்தவருக்குத் தண்டனை. இரண்டும் சேர்ந்தால்தான் நியாயம் என்று எனக்குப் படுகிறது.

ஆனால் எத்தனை பிளெட்ஜ்களுக்கு இது தெரியும்? முதல் வாரம் ஒரு வீடியோ போடுகிறார்கள், ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். இந்தியாவில் யு.ஜி.சி. 2009-லிருந்து மாணவரிடமும் பெற்றோரிடமும் வாங்கும் ராகிங் உறுதிமொழிப் பத்திரம் போலத்தான். 'நான் செய்யமாட்டேன்' என்று எல்லோரும் கையெழுத்திடுகிறார்கள். 'போன் செய்தால் உன்மேல் வழக்கு வராது' என்ற வரி கண்ணில் படுகிற இடத்தில் இருப்பதில்லை. தனிமாணவனுக்கு மன்னிப்பு உண்டு, கிளைக்கு இல்லை என்றால், "நீ தப்பிச்சுக்குவ, வீடு போயிடும்" என்று சீனியர் சொல்வதற்கும் இடமிருக்கிறது. அழைத்த கிளைக்கும் தண்டனையைக் குறைக்கும் பல்கலைக்கழகங்கள் சில உண்டு. எல்லா இடத்திலும் அப்படி வர வேண்டும் என்பது என் ஆசை. இதைச் சலுகை என்று எதிர்ப்பவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தச் சீனியரை ஜெயிலில் போடுவதற்கு நாளை இருக்கிறது, சோபாவில் கிடப்பவனுக்கு இன்று ராத்திரிதான்.

புதிய கூட்டாட்சிச் சட்டத்தால் பெற்றோருக்கு நேரடியாகக் கிடைத்திருப்பது ஒரு பட்டியல். 2025 ஜூலை 1 முதல் கல்லூரிகள் ஹேசிங் விதிமீறல் முடிவுகளைத் திரட்டி, எந்த அமைப்பு, என்ன செய்தது, என்ன தண்டனை என்று இணையதளத்தில் போட வேண்டும், ஆண்டுக்கு இரண்டு முறையாவது புதுப்பிக்க வேண்டும். முதல் பட்டியலுக்குக் கெடு 2025 டிசம்பர் 23. பென்சில்வேனியா போன்ற சில மாநிலங்களில் இதற்கு முன்பிருந்தே இப்படி உண்டு. பிள்ளை எந்தக் கல்லூரியில் இருந்தாலும் அதன் தளத்தில் ஹேசிங் அறிக்கை என்று தேடிப்பாருங்கள். பெயரை மாத்திரம் பார்க்காமல் என்ன நடந்தது என்ற பத்தியைப் படியுங்கள்.

அக்கா மகனும் நானும் அவன் கல்லூரிப் பட்டியலைச் சேர்ந்து பார்த்தோம். அவனை அழைத்த அமைப்பு அதில் இல்லை. அவனுக்கு நிம்மதி. விசாரணை முடிந்து மீறல் நிரூபணமான, கல்லூரி அங்கீகரித்த அமைப்புகள்தான் அதில் வரும் என்று விளக்கினேன். யாரும் புகார் செய்யாத இடமும், அங்கீகாரம் பறிபோன பிறகு வெளியே வீடு எடுத்து நடத்துகிற கூட்டமும் அதில் இருக்காது. அதனால் பாதியில் விலகிய யாராவது ஒருத்தனைத் தேடிப் பிடித்துப் பேசு, அவன் ஏன் விலகினான் என்று கேள் என்றேன். ஒருவனைக் கண்டுபிடித்திருக்கிறானாம், இந்த ஞாயிறு காபிக்கு வரச் சொல்லியிருக்கிறானாம். அழைப்புக்குப் பதில் சொல்ல அதற்குப் பிறகும் அவனுக்கு நாள் இருக்கிறது.